ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பின் இரைப்பை சுருங்கினால்: ஸ்டென்ட் சிகிச்சை வழிகாட்டி

எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு வாரம் திரவ உணவு, அடுத்த இரண்டு வாரம் குழைந்த உணவு, பிறகு மெல்ல மெல்லக் கெட்டி உணவு. இதுதான் வழக்கமான வரிசை. இதில் முன்னே போகவேண்டியவர் பின்னே வருகிறார் என்றால், அதாவது போன வாரம் இறங்கிய கூழ் இந்த வாரம் இறங்கவில்லை, இப்போது தண்ணீர்கூட நெஞ்சிலேயே நிற்கிறது என்றால், “வயிறு சின்னதாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று நாளைத் தள்ளக்கூடாது. இரைப்பை சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

இந்தச் சுருக்கத்துக்கு எண்டோஸ்கோபி வழியாகவே, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாயை இறக்கியே, வைத்தியம் உண்டு. பெரும்பாலும் பலூனால் விரிப்பது முதல் படி. பலூன் போதாதபோது, அல்லது சுருக்கத்தோடு தையல் கசிவும் சேர்ந்திருக்கும்போது, ஸ்டென்ட் என்கிற தானே விரியும் கம்பிவலைக் குழாய். ஆனால் ஸ்டென்டை உள்ளே வைப்பது பாதி வேலைதான். அது நகராமல் பார்ப்பதும், குறித்த நாளில் தவறாமல் எடுப்பதும்தான் மீதி. சிக்கல்களில் பெரும்பகுதி அந்த மீதிப் பாதியில்தான் வருகிறது. நோயாளியின் கையிலும் வீட்டாரின் கையிலும் இருப்பதும் அந்தப் பாதிதான்.

எங்கே சுருங்குகிறது, ஏன்

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு நீளக் குழாய். அந்தக் குழாயின் அகலம் சரியாக வர, வாய் வழியாக ஓர் அளவுக்குழாயை இறக்கி, அதை ஒட்டியே ஸ்டேப்ளர் (வெட்டிய விளிம்பைப் பின்களால் தைக்கும் கருவி) அடிப்பார்கள். அளவுக்குழாய் வழக்கமாக 36 முதல் 40 பிரெஞ்ச் வரை இருக்கும். 3 பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். ஆக 36 பிரெஞ்ச் என்பது 12 மி.மீ. குறுக்களவு.

இரைப்பையின் உள்வளைவில், மேலிருந்து கீழே வரும் பகுதி வலப்பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு மடக்கு இருக்கிறது. சுருக்கம் பெரும்பாலும் அங்கேதான் வரும். ஸ்டேப்ளர் அந்த மடக்குக்கு மிக நெருக்கமாகப் போனால் வழி குறுகிவிடும். வெட்டிய விளிம்பின்மேல் கூடுதலாகத் தையல் போட்டு உள்ளே இழுத்தாலும் குறுகும். தையல் கசிந்து, ஆறி, தழும்பானாலும் குறுகும்.

இன்னொரு வகை முறுக்கு. ஸ்டேப்ளர் அடிக்கும்போது இரைப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒரே அளவில் இழுபடாவிட்டால், தையல் வரிசை நேராக இறங்காமல் சுற்றிக்கொண்டு இறங்கும். பிழிந்த ஈரத்துணி போலக் குழாய் முறுகி நிற்கும். உட்புற அகலம் போதுமானதாகவே இருக்கும். ஆனால் உணவு அந்த முறுக்கைத் தாண்டாது. தழும்புச் சுருக்கமா முறுக்கா என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். சின்னப் பலூன் தழும்புக்கு ஓரளவு உதவும், முறுக்குக்கு அநேகமாக உதவாது.

ஆபரேஷன் ஆன முதல் சில நாட்களில் வரும் அடைப்பு வேறு. வீக்கத்தாலோ ரத்தக்கட்டாலோ வருவது அது. டிரிப் போட்டுக் காத்திருந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உண்மையான சுருக்கம் பொதுவாகச் சில வாரங்கள் கழித்துத் தலைகாட்டும்.

வைட்டமின் பி1: எதற்கும் முன்னால் இது

எண்டோஸ்கோபிக்குத் தேதி வாங்குவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. நாள்தோறும் வாந்தி எடுப்பவரின் உடலில் தயாமின் என்கிற வைட்டமின் பி1 இரண்டு மூன்று வாரங்களிலேயே தீர்ந்துபோகும். உடல் அதைச் சேமித்து வைப்பது மிகக் குறைவு. தீர்ந்தால் மூளையும் நரம்புகளும் பாதிக்கப்படும்: பார்வை இரட்டையாகத் தெரியும், கருவிழி தானாக ஆடும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும், கால் மரத்துப்போகும். இந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயாமினும் செலவாகி நிலைமை மோசமாகும். அதனால் தயாமின் முதலில், குளுக்கோஸ் பிறகு. மூளை பாதிப்பு என்று சந்தேகம் வந்தாலே நரம்பு வழியாக 200 முதல் 500 மி.கி., தினம் மூன்று வேளை என்று தொடங்குவது நடைமுறை. ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், வாந்தியோடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது அங்கிருப்பவருக்கு ஸ்லீவ் ஆபரேஷன் பற்றித் தெரியாமல் போகலாம். வாந்தி என்றதும் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடுவது கை பழகிய காரியம். “இவருக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு, இத்தனை நாளா வாந்தி, முதல்ல தயாமின் போடுங்க” என்று கூட இருப்பவர் சொல்லவேண்டும். தயங்காமல் சொல்லுங்கள்.

ஏற்கனவே எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரைகளையும் அதே நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பாடே இறங்காதவர் பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சர்க்கரை இறங்கி மயங்குவார். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள், பட்டினியில் இருப்பவருக்குச் சர்க்கரை அளவு ஏறாமலேயே ரத்தத்தில் அமிலத்தைச் சேர்த்துவிடும். நீர் பிரியும் மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும், உடம்பில் நீர் வற்றியவரின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கண்டுபிடிப்பது

முதலில் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுப்பார்கள். கசிவு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் தரமாட்டார்கள், நீரில் கரையும் மருந்துதான். மேலே விரிந்த குழாய், நடுவில் ஓர் இடுக்கு, அதற்குக் கீழே மருந்து கயிறாக இறங்குவது தெரிந்தால் சுருக்கம் உறுதி. ஆனால் படம் சரியாக இருக்கிறது என்பதற்காகச் சுருக்கம் இல்லை என்று முடிவு கட்டமுடியாது. முறுக்கு பல நேரம் படத்தில் தப்பிவிடும். கசிவோ சீழ்க்கட்டியோ இருக்கிறதா என்று பார்க்க சி.டி. ஸ்கேன் தேவைப்படும்.

எண்டோஸ்கோபியிலும் இதே பிழை நடக்கும். வழக்கமான எண்டோஸ்கோப்பின் தடிமன் 10 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. முறுக்கில் அது தாராளமாக நுழைந்துவிடும். “ஸ்கோப் உள்ளே போய்விட்டது, அடைப்பு இல்லை” என்று அறிக்கை எழுதினால் நோயாளி வாந்தியோடு வீடு திரும்புவார். பார்க்கவேண்டியது ஸ்கோப் போகிறதா என்பதை அல்ல, எப்படிப் போகிறது என்பதை. நேரான ஸ்லீவில் உணவுக்குழாயின் முடிவிலிருந்தே தூரத்தில் இரைப்பையின் கீழ்ப்பகுதி தெரியும். காற்று ஊதினால் குழாய் ஒரே சீராக விரியும். முறுகிய ஸ்லீவில் பாதி வழியில் எதிரே ஒரு சுவர் வந்து நிற்கும். தையல் வரிசை இடது ஓரத்திலிருந்து முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவது தெரியும். ஸ்கோப்பின் சக்கரத்தைத் திருகி, கையையும் முறுக்கி வளைத்தால்தான் அடுத்த அறை கண்ணில் படும். காற்றை எவ்வளவு ஊதினாலும் அந்த இடம் விரியாது. மேல் அறையில் எச்சிலும் பழைய உணவும் தேங்கிக் கிடக்கும். இவ்வளவும் சேர்ந்தால் ஸ்கோப் நுழைந்தாலும் அது சுருக்கமே.

முதலில் பலூன்

20 மி.மீ. வரை விரியும் சாதாரணப் பலூன் ஸ்கோப் வழியாகவே போகும். இளம் தழும்புக்கு அது சில நேரம் போதும். மடக்கில் உள்ள சுருக்கத்துக்கும் முறுக்குக்கும் உண்மையில் வேலை செய்வது, உணவுக்குழாய் வால்வு இறுகிப்போகும் அகலேசியா நோய்க்குப் பயன்படுத்தும் பெரிய காற்றுப் பலூன்தான். 30, 35, 40 மி.மீ. என்று மூன்று அளவில் வருகிறது. வழிகாட்டும் கம்பியின்மேல் இறக்கி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி காற்றேற்றுவார்கள். பலூனின் நடுவில் சுருக்கம் இருக்கும் இடத்தில் ஓர் இடுப்பு தெரியும்; அந்த இடுப்பு மறையும்வரை அழுத்தம் ஏற்றி, சில நிமிடம் அப்படியே பிடித்திருப்பார்கள். முதல் முறை 30 மி.மீ., இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து அடுத்த அளவு. எடுத்த எடுப்பில் 40 மி.மீ. போடுவதில்லை, கிழியும். ஆபரேஷன் ஆகிச் சில வாரமே ஆனவருக்குப் பெரிய பலூன் போடவும் தயங்குவார்கள், ஸ்டேப்ளர் வரிசை அப்போது முழுப் பலம் பெற்றிருக்காது.

இதுவரை வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பலூன் வைத்தியம் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குப் பலன் தருகிறது. அதனால், பலூனை முயலாமலேயே ஸ்டென்ட் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். நியாயமான காரணங்களும் உண்டு: கசிவும் கூடவே இருப்பது, ஸ்டேப்ளர் வரிசை புதிதாக இருப்பது, சுருக்கம் நீளமாக இருப்பது.

எந்த ஸ்டென்ட்

நிக்கல்-டைட்டானியம் கலந்த நைட்டினால் கம்பியில் பின்னிய குழாய்தான் ஸ்டென்ட். மடக்கி ஓர் உறைக்குள் அடைத்து அனுப்புவார்கள். உறையை இழுத்ததும் தானே விரியும். விரிந்த அளவை அடைய ஒன்றிரண்டு நாள்கூட ஆகும். அதன் தொடர்ச்சியான அழுத்தம்தான் சுருக்கத்தைத் திறக்கிறது, முறுக்கையும் நேராக்குகிறது.

பார்க்கவேண்டிய முதல் விஷயம் உறைப்பூச்சு. முழுக்க சிலிக்கான் போன்ற பூச்சு உள்ள ஸ்டென்டில் சதை வளர்ந்து ஏறாது. எடுப்பது சுலபம், ஆனால் நகர்ந்துவிடும். இரு முனையிலும் பூச்சில்லாமல் விட்ட ஸ்டென்டில் சதை கம்பிக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நகராது, ஆனால் எடுப்பது பாடு. பூச்சே இல்லாத ஸ்டென்ட் புற்றுநோய்க்காரர்களுக்கானது. இந்த நோய்க்கு அது வைக்கவே கூடாது.

இரண்டாவது, நீளம். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் செய்த 10, 12 செ.மீ. ஸ்டென்ட் ஸ்லீவுக்குக் கட்டை. அதன் கீழ்முனை மடக்குக்குப் பக்கத்திலேயே சுவரில் குத்தி நிற்கும். அந்த இடம் புண்ணாகும், வாந்தியும் நிற்காது. கொரியாவின் டேவூங் நிறுவனம் ஸ்லீவுக்கென்றே செய்த நிட்டி-எஸ் மெகா போன்ற ஸ்டென்ட்கள் 18 செ.மீ.யோ அதற்கு மேலோ நீளமுள்ளவை, அகலமும் அதிகம். உணவுக்குழாயின் அடியிலிருந்து முன்சிறுகுடலின் தொடக்கம் வரை ஒரே குழாயாக நிற்கும். நீளமும் அகலமும் கூடக்கூட வலியும் குமட்டலும் கூடும். இது தவிர்க்கமுடியாத பேரம்.

முன்தயாரிப்பு

சுருங்கிய இரைப்பையில் எட்டு மணி நேரம் பட்டினி இருந்தாலும் பழைய உணவு கிடக்கும். அதனால் முந்தைய ஒன்று அல்லது இரண்டு நாள் வெறும் தெளிந்த திரவம், கடைசி எட்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. செமாகுளுடைட் போன்ற எடைக்குறைப்பு ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லவேண்டும், அது வயிறு காலியாவதை இன்னும் தாமதப்படுத்தும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் கலந்தே முடிவு செய்யவேண்டும்.

ரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட் பார்த்துச் சரிசெய்வார்கள். பல வாரம் பட்டினியாக இருந்தவருக்கு அடைப்பு திறந்ததும் ஒரேயடியாக உணவு கொடுத்தால் பாஸ்பேட் சடாரென்று இறங்கி இதயமும் மூச்சும் தடுமாறும். ஆகவே உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு எக்ஸ்ரே இருப்பதால் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம்.

லேசான மயக்கம் போதாது; மூச்சுக்குழாயில் டியூப் வைத்த முழு மயக்கமே பாதுகாப்பு. மேல் அறையில் தேங்கிய திரவம் நுரையீரலுக்குள் போய்விடாமல் இருக்கத்தான் இது. இதில் செலவு மிச்சம் பிடிக்கக்கூடாது.

உள்ளே நடப்பது

முதலில் ஸ்கோப்பை இறக்கித் தேங்கியதை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஊதுவதற்குக் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு. அது உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடும். முன்பற்களிலிருந்து உணவுக்குழாய் முடியும் இடம், சுருக்கத்தின் மேல்முனை, கீழ்முனை, இரைப்பை முடியும் கீழ்வாசல் ஆகிய நான்கு தூரங்களையும் அளந்து எழுதிக்கொள்கிறார்கள். உணவுக்குழாயின் முடிவு பெரியவர்களுக்கு ஏறத்தாழ 40 செ.மீ.யில் வரும். அதே இடங்களை எக்ஸ்ரே திரையில் பார்த்து, உடம்பின்மேல் உலோகக் குறி ஒட்டுகிறார்கள். ஸ்டென்டைத் திறக்கும் நேரத்தில் நோயாளி அசையக்கூடாது. அசைந்தால் குறி அத்தனையும் பொய்.

அடுத்து 0.035 அங்குல விறைப்பான கம்பி, முன்சிறுகுடல் வரை. கம்பி வளையாமல் இறங்கவேண்டும். மேல் அறையில் சுருண்டு கிடந்தால் ஸ்டென்டும் அங்கேயே முட்டி நிற்கும். கம்பியை அப்படியே விட்டு ஸ்கோப்பை வெளியே எடுத்து, அதன்மேல் ஸ்டென்ட் அடைத்த குழாயை இறக்குகிறார்கள். மடக்கில் வந்து முட்டும்போது தள்ளாமல், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழாயை மெல்ல ஊட்டவேண்டும். சுருக்கம் மிக இறுக்கமாக இருந்தால் மட்டும் முதலில் சின்னப் பலூனால் வழி செய்துகொள்வார்கள்.

கீழ்முனை முதலில் திறக்கும். பின்னிய நைட்டினால் விரியும்போது நீளம் குறையும். அந்தக் குறைவைக் கணக்கில் வைத்தே இடம் குறிக்கவேண்டும். மேல்முனை உணவுக்குழாயின் முடிவுக்குச் சில செ.மீ. மேலே நேரான பகுதியில் உட்காரவேண்டும். உறையை இழுக்க இழுக்க ஸ்டென்ட் முன்னோக்கி ஓடப் பார்க்கும். அதனால் உறையை இழுக்கும் கையும் குழாயைப் பின்னிழுத்துப் பிடிக்கும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். திறந்தபின் ஸ்கோப்பால் மேல்முனையை மட்டும் பார்த்தால் போதும். அரைகுறையாக விரிந்த ஸ்டென்டுக்குள் ஸ்கோப்பைத் திணித்தால், வைத்த இடத்திலிருந்து அதையே இழுத்துக்கொண்டு வரும்.

பிறகு கட்டிவைப்பது. முழுப்பூச்சு ஸ்டென்டை அப்படியே விட்டால் கணிசமான பேருக்கு நகரும். ஸ்கோப் முனையில் பொருத்தும் தையல் கருவியால் மேல்விளிம்பை உணவுக்குழாய்ச் சுவரோடு இரண்டு மூன்று இடத்தில் தைக்கலாம். அல்லது இதற்கென்றே செய்த பெரிய கிளிப்பால் கவ்வலாம். சின்னக் கிளிப்கள் விரைவில் உதிர்ந்துவிடும், அதை மட்டும் நம்பமுடியாது. இந்தக் கருவிகள் எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை. “ஸ்டென்ட் நகராமல் இருக்க என்ன செய்வீர்கள்?” என்பது, சம்மதக் கையெழுத்துப் போடுமுன் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி: “எடுக்கும் தேதி எது?” தேதியைக் கையோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்

நெஞ்சில் அழுத்தமான வலி, குமட்டல், வாயில் எச்சில் ஊறுவது, எதுக்களிப்பு: முதல் மூன்று நான்கு நாள் இவை எதிர்பார்க்கவேண்டியவை. வாந்தி வரும்வரை காத்திராமல் குமட்டல் மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பார்கள், ஏனென்றால் ஒவ்வொரு ஓங்கரிப்பும் ஸ்டென்டைத் தள்ளுகிறது. அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஸ்டென்ட் இருக்கும்வரை தொடரும். வலிக்குப் பாராசிட்டமால் சிரப். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வேண்டாம், புண்ணாகும். பெரிய மாத்திரைகளை முழுசாக விழுங்காதீர்கள். எதைப் பொடித்துக் கொடுக்கலாம் என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். நேரம் எடுத்துக் கரையும் மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

ஸ்டென்ட் உணவுக்குழாய் வால்வைத் தாண்டி நிற்பதால் மேலும் கீழும் ஒரே வழிதான். படுத்தால் வயிற்றிலுள்ளது தொண்டைக்கு வந்துவிடும். தலையணையை மட்டும் உயர்த்தினால் கழுத்துதான் மடங்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்துச் சாய்வாக்குங்கள். கடைசியாகச் சாப்பிட்டதற்கும் படுப்பதற்கும் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள்.

முதல் ஒன்றிரண்டு நாள் இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், நீர்மோர். அதன்பிறகு மிக்ஸியில் அடித்து வடிகட்டிய கஞ்சி, நீர்க்கத் தயாரித்த ராகிக்கூழ், புரதப்பொடி கலந்த பால். ஒரு வாரத்துக்கு மேல் தாங்கினால் குழைந்த உணவு. ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு டீஸ்பூன் அளவு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று நாள் முழுக்கப் பரப்பினால்தான் ஒன்றரை லிட்டர் திரவமும் 60 கிராம் புரதமும் உள்ளே போகும். வெறும் கஞ்சியும் இளநீரும் புரதக் கணக்கில் எடுபடாது. புரதப்பொடியை அளந்தே போடுங்கள்.

ஸ்டென்ட் இருக்கும்வரை முருங்கைக்காய், கீரைத்தண்டு, வாழைத்தண்டு, ஆரஞ்சுச் சுளை, இறைச்சித் துண்டு, பிரெட், பரோட்டா எதுவும் வேண்டாம். நாரும் மாவுருண்டையும் கம்பிப் பின்னலில் சிக்கி அடைத்தால் இன்னொரு எண்டோஸ்கோபிதான் வழி.

நகர்ந்தால் எப்படித் தெரியும்

முதல் வாரம் முழுக்க வலித்த நெஞ்சு ஒரு காலையில் திடீரென்று லேசாகிவிட்டது, ஆனால் பழைய வாந்தி திரும்பி வந்திருக்கிறது என்றால் ஸ்டென்ட் கீழே போயிருக்கக்கூடும். வலி போனதே என்று மகிழ்ந்து விட்டுவிடக்கூடாது. ஒரு சாதாரண எக்ஸ்ரேயில் ஸ்டென்ட் தெளிவாகத் தெரியும். வைத்த மறுநாள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் நகர்ந்ததா என்று உடனே தெரிந்துவிடும். அதனால் அந்த முதல் படத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள். இரைப்பைக்குள்ளேயே இருந்தால் ஸ்கோப்பால் மேலே இழுத்து வைக்கலாம். சிறுகுடலுக்குள் போய்விட்டால் குடல் அடைப்பும் ஓட்டையும் வரலாம், ஆபரேஷன் வரை போகும்.

கடும் வயிற்றுவலி, 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல், தோள்பட்டைக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல், கறுத்த மலம், ரத்த வாந்தி, எச்சில்கூட இறங்காமை: இவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள். ரத்த வாந்தி கொஞ்சம்தான் என்றாலும் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். ஸ்டென்ட் விளிம்பு பெரிய ரத்தக்குழாயை அரித்திருக்கலாம், அரிதுதான், ஆனால் உயிர் போகும் விஷயம். வேறு காரணத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், ஸ்டென்ட் பெட்டியில் வந்த அட்டையைக் காட்டாமல் உள்ளே போகாதீர்கள்.

சிலரால் வலியையும் குமட்டலையும் தாங்கவே முடியாது. ஒரு வாரம் மருந்து கொடுத்தும் ஒரு நாளைக்கு அரை லிட்டர்கூட இறங்கவில்லை என்றால், முன்கூட்டியே எடுத்துவிடுவதுதான் சரி. பல்லைக் கடித்துக்கொண்டு பட்டினி கிடப்பதில் பலன் இல்லை.

எடுப்பது

வழக்கமாக நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் எடுப்பார்கள். முழுப்பூச்சு ஸ்டென்ட் என்றால் தையலை வெட்டி, மேல்விளிம்பில் ஓடும் நூலை இடுக்கியால் பிடித்து இழுப்பார்கள். விளிம்பு சுருங்கி, ஸ்டென்ட் மொத்தமாக வெளியே வரும். மேல்விளிம்பு சுவரோடு ஒட்டியிருந்தால் கீழ்முனையைப் பிடித்து உள்பக்கமாகப் புரட்டி எடுப்பதும் உண்டு.

தேதி தவறினால் என்ன ஆகும்? முனைகளில் சதை வளர்ந்து மூடும், பூச்சு கிழியும், கம்பி அறும், விளிம்பு அழுத்திய இடத்தில் புதிய சுருக்கம் பிறக்கும். வாந்தி நின்று உடம்பு தேறியதும் “நல்லாத்தானே இருக்கு, அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவதே இதற்கு முக்கியக் காரணம். சதை வளர்ந்து பிடித்துவிட்டால் இழுக்கக்கூடாது, சுவரோடு கிழிந்து வரும். அப்போது செய்வது, அதே அகலத்தில் முழுப்பூச்சு ஸ்டென்ட் ஒன்றைப் பழையதற்குள்ளே வைப்பது. ஒன்றிரண்டு வாரத்தில் அந்த அழுத்தத்தால் உள்ளே வளர்ந்த சதை கருகி விடும். இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம்.

எடுத்த அன்றே மருந்து குடிக்கவைத்துக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது. உணவு வரிசையை மறுபடி திரவத்திலிருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் ஏறுங்கள். என்ன சாப்பிட்டார், எவ்வளவு இறங்கியது, வாந்தி எத்தனை முறை என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சுருக்கம் திரும்பினால் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே அந்த நோட்டில் தெரிந்துவிடும். திரும்பினால், நேராகிவிட்ட குழாயில் பெரிய பலூன் இந்த முறை எடுபட வாய்ப்புண்டு.

பைபாஸ் செய்தவர்களுக்கு

கேஸ்ட்ரிக் பைபாஸ் இன்னொரு வகை எடைக்குறைப்பு ஆபரேஷன். அதில் சுருங்குவது சின்ன இரைப்பைப் பையும் சிறுகுடலும் சேரும் இணைப்பு. இங்கே 30 மி.மீ. பலூனுக்கு வேலையே இல்லை; 12 முதல் 15 மி.மீ. வரை படிப்படியாக விரித்தால் போதும். அதற்கு மேல் போனால் கிழியவும் கூடும், இணைப்பு தளர்ந்து எடை ஏறவும் கூடும். பலமுறை விரித்தும் சுருங்கிக்கொண்டே இருக்கும் இணைப்புக்கு, இரு பக்கமும் அகன்ற விளிம்பு கொண்ட குட்டையான ஸ்டென்டைச் சில வாரம் வைப்பதுண்டு. அதன் நடுக்கழுத்தின் நீளம் வழக்கமாக 1 செ.மீ.தான், சுருக்கம் அதைவிட நீளமானால் பொருந்தாது. வைப்பதற்கு முன்னால் இணைப்பில் புண் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். புகைபிடிப்பதும் வலி மாத்திரையும் நிற்காதவரை அந்தப் புண் ஆறாது, ஸ்டென்டும் நிலைக்காது.

ஸ்டென்டும் பலன் தராவிட்டால்

பெரிய பலூன் 40 மி.மீ. வரை போயும், ஸ்டென்ட் முழுக்காலம் இருந்தும் சுருக்கம் திரும்பினால், இன்னொரு ஸ்டென்ட், அதன்பின் இன்னொன்று என்று மாதக்கணக்கை வளர்க்க வேண்டாம். பலமான முறுக்கும் நீளமான தழும்பும் ஆபரேஷனுக்கு உரியவை. ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவதே இதற்கு நிலையான வழி: சுருக்கத்துக்கு மேலே இரைப்பையைப் பிரித்து, அங்கே சிறுகுடலை இணைத்துவிடுவார்கள், சுருங்கிய இடத்தைத் தொடாமலே உணவுக்கு வழி கிடைக்கும். அந்த ஆபரேஷனுக்குப் போகுமுன் உடம்பில் சத்து ஏறியிருக்கவேண்டும். வாய் வழியாக முடியாவிட்டால், மூக்கு வழியாகச் சுருக்கத்தைத் தாண்டி மெல்லிய டியூப் போட்டு மூன்று நான்கு வாரம் திரவ உணவு செலுத்தி, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் தேறி, எடை இறங்குவது நின்றபிறகே தேதி குறிப்பார்கள்.